மிரட்டல் மின்னஞ்சலைத் தனியாகப் படிக்காதீர்கள்

செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எப்படி எழுதுவது, யாரிடம் எப்படிக் கேட்பது, எதைச் சரிபார்ப்பது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அதெல்லாம் போகப் போகக் கைக்கு வந்துவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் பெயர் போட்டு ஒரு செய்தி வெளியான மறுநாள், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெயிலைத் திறப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவன் உங்களைப் பெற்றவளைப் பற்றி எழுதியிருப்பான்.

அன்றைக்கு டீ இறங்காது. எனக்கும் இறங்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தது திருத்தணி அலுவலகத்தில். அலுவலகம் என்று பெயர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டத்தில் படியிறங்கி டீ குடிக்கக்கூட முடியாது. நான், படம் எடுக்கிற சேகர், கடைசி வருடங்களில் புவனா என்ற பெண். மூன்று பேர்தான். காகிதத்தில் மட்டும் வந்துகொண்டிருந்த பத்திரிகை இணையத்துக்கும் வந்த பிறகு, ஒவ்வொரு செய்திக்கும் கீழே எழுதியவர் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் போட ஆரம்பித்தார்கள். வாசகர்களோடு நெருக்கம் வேண்டும் என்றது சென்னை. நெருக்கம் நன்றாகவே வந்தது.

திட்டி எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கென்றே ஒருவர் இருந்தார். ஊழல் பற்றி எழுதினாலும் திட்டுவார், மழை அளவு எழுதினாலும் திட்டுவார். நடுவில் கொஞ்ச நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. “ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, விசாரிங்கக்கா” என்றான் சேகர். இப்படிப்பட்டவர்களுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

இருந்தாலும் எங்கள் அறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாருக்கு வசை மெயில் வருகிறதோ அவர் அதைத் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புரூஃப் பார்க்கும்போது ஒருவர் மூலப் பிரதியைப் படிப்பார், இன்னொருவர் அச்சில் சரிபார்ப்பார். படிப்பவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. வசை மெயிலையும் அப்படித்தான் படிப்போம். “உன்னையெல்லாம், கமா, பெத்தவங்களச் சொல்லணும், ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி” என்று சேகர் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோலப் படிப்பான். கேட்கிறவருக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விடும். மீதிப் பாதியில் நிதானமாக யோசிக்கலாம்: இவன் திட்டுகிறானா, மிரட்டுகிறானா? மிரட்டுகிறான் என்றால் நம்மைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? கெட்ட வார்த்தையை எண்ணிப் பயப்படாதீர்கள். உங்களைப் பற்றித் தெரிந்தவன் எழுதினால்தான் பயப்பட வேண்டும். அவன் பெரும்பாலும் மரியாதையாகவே எழுதுவான்.

இனி புவனாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் போகிற நேர்வழி ஊர்த் தெரு வழியாக. அந்தத் தெருவில் பிணம் வரக் கூடாது என்று மறித்துவிட்டார்கள். வெயிலில் பாடையை இறக்கி வைத்துக்கொண்டு சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். புவனா அங்கே போனாள். அதிகாரிகள் வந்து, பேசி, போலீஸ் நின்று, பாடை அந்தத் தெரு வழியாகப் போகிறவரை அவளும் இருந்தாள். சுடுகாட்டுக்கும் கூடவே போனாள். செய்தி அன்று மாலையே இணையத்தில் வந்துவிட்டது. நல்ல செய்தி. அழுகை, ஆவேசம் ஒன்றும் இல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். தெருவை மறித்தவர்கள் சொன்னதையும் போட்டிருந்தாள்.

மறுநாள் மெயில் கொட்டியது. சேகர் படித்துப் படித்து அவனுக்குத் தொண்டை கட்டியது. எல்லாம் வழக்கமான வாய்கள்தான். சாதிப் பெயர் சொல்லித் திட்டியவர்கள், நடத்தையைப் பற்றிப் பேசியவர்கள், பத்திரிகையைக் கொளுத்துவேன் என்றவர்கள். எல்லாவற்றையும் அழிக்காமல் தனியாக எடுத்து வைத்தோம். எதற்கும் பதில் எழுதவில்லை. இரண்டையும் நீங்களும் மறக்காதீர்கள். அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள்.

அந்த வாரக் கடைசியில் புவனாவிடம் ஏதோ மாற்றம் தெரிந்தது. நீதிமன்றச் செய்திக்காக அவள் காலை ரயிலில் அரக்கோணம் போய்வருவாள். திரும்பி வந்ததும் சத்தமாகப் பேசுகிற பெண், துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியபடியே வந்து உட்கார்ந்தாள். வெயில் என்றாள். அறைக்குள்ளே என்ன வெயில் என்று கேட்டேன். துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைச் சேகர் பக்கம் திருப்பினாள்.

“நீயே படிண்ணா. நான் ஏற்கனவே படிச்சிட்டேன். தனியா.”

அந்த மெயிலில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சேகர் தன் வழக்கப்படி படிக்க ஆரம்பித்தான். வேலையை விட்டுவிடு, முற்றுப்புள்ளி. நீ அரக்கோணம் வண்டி ஏறும் இடம் எங்களுக்குத் தெரியும், முற்றுப்புள்ளி. இனிமேல் இப்படி எழுதினால் அங்கேயே உன் முகத்தில் ஊற்றுவோம், கமா, அதற்குப் பிறகு உன் பெயரைப் போடலாம், கமா, போட்டோ போட முடியாது, முற்றுப்புள்ளி. சேகரின் குரல் மாறிவிட்டது. படி, நிறுத்தாதே என்று சைகை காட்டினேன். அடுத்த வரி: அந்தச் சாவுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைந்தவள்தானே நீ, கேள்விக்குறி.

புவனா கையை உயர்த்தினாள். “அதை இன்னொரு வாட்டி படிண்ணா.”

அவன் படித்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாகப் படித்தபோது அவள் கண் “ஊற்றுவோம்” என்ற இடத்திலேயே நின்றுபோயிருக்கிறது. அதற்குக் கீழே உள்ளது அவளுக்குள் இறங்கவே இல்லை. இன்னொருவர் வாயிலிருந்து, ஒரே குரலில், எல்லா வரியும் ஒரே எடையில் வந்தபோதுதான் கேட்டது.

சாவுக்குப் போய்வந்தால் எங்கள் பக்கத்தில் பின்பக்கமாகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்போம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அன்று புவனாவின் செல்லில் சார்ஜ் சுத்தமாக இல்லை. செய்தி போக வேண்டும். வந்த வேகத்தில் நேராக உள்ளே போய், சார்ஜரைச் சொருகி, நின்றபடியே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் குளித்தாள்.

“வூட்ல யார் யார் இருந்தாங்க?” என்று கேட்டேன்.

“அக்கா இருந்துச்சு. பாவா இருந்தாரு.” பிறகு அவளே சொன்னாள். “அக்காவுக்கு மெயில் அனுப்பத் தெரியாதுக்கா.”

பாவா என்றால் அவள் அக்கா லட்சுமியின் கணவர், முரளி. வீட்டிலேயே இரண்டு விசைத்தறி போட்டு, நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவர். புவனாவின் நைனா இறந்த பிறகு அவளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். நூல் எடுக்கப் போகிற வழியில் புவனாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவார். மேலே வந்தால் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். பத்திரிகை அலுவலகத்துக்கு யாரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வேறு தெருச் சாவுக்குப் போய்விட்டு வந்திருந்தால் அந்த வரியை அந்த மனிதர் எழுதியிருப்பாரா? மாட்டார். குளிக்காமல் வந்ததில் இல்லை அவருக்குக் குறை. யார் சாவிலிருந்து வந்தாள் என்பதில்தான். மிரட்டல் எழுத உட்கார்ந்தவருக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அடக்கிக்கொள்ள முடியாமல் அதையும் சேர்த்து எழுதிவிட்டார். அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டார்.

நான் சென்னைக்குப் போன் செய்தேன். ஆசிரியர் நல்லவர், ஆனால் தூரத்தில் இருப்பவர். “இப்போதைக்குச் செய்தியிலிருந்து அந்தப் பெண் பெயரை எடுத்துவிடலாம்” என்றார். அவளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்றேன். கேட்டேன்.

“எடுக்காதீங்கக்கா. அந்தக் காலனில ஒரு பொம்பள எங்கையப் புடிச்சிகினு சொல்லிச்சு, பேர் போட்டு எழுதும்மா, அப்பதான் நம்புவாங்கன்னு. இப்ப எடுத்தா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்.”

“சரி. ஸ்டேஷனுக்குப் போவோம்.”

“பாவா மேலயா?” என்றாள்.

இந்த இடத்தில்தான் நம் தொழிலில் பலரும் தவறு செய்கிறார்கள். வீட்டு ஆள்தானே, சும்மா மிரட்டியிருப்பார், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பெருமூச்சு விடுவார்கள். நானும் அந்த நிமிடம் அப்படி நினைக்கப் பார்த்தேன். ஆனால் இத்தனை வருடம் நான் எழுதிய செய்திகளை நினைத்துப் பார்த்தேன். பெண்கள் மேல் நடந்த வெட்டு, குத்து, தீ. அதில் எத்தனை செய்திகளில் செய்தவன் வெளியாள்? சந்தேகம் வந்துவிட்டால், வீட்டு ஆள் என்பது நிம்மதிக்கான காரணமில்லை. அன்று முதல் அவள் என் வீட்டில் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, தங்குவது என் முடிவு என்றேன். எனக்கு அதிகாரம் பண்ணத் தெரியும். அன்றைக்கு அது உபயோகப்பட்டது.

மதியம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கழற்றிவிட்டு உள்ளே வந்தார் முரளி. கையில் சாப்பாட்டுக் கூடை.

நான் அவரை வரச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டேன். மிரட்டியவனையும் மிரட்டப்பட்டவளையும் ஒரே அறையில் உட்கார வைப்பது பைத்தியக்காரத்தனம், நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள். ஆனால் அவர் வந்துவிட்டார். சேகர் எழுந்துபோய் புவனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிகினே இருந்தேன்” என்றார் முரளி. “இவளுக்கு மெயில்ல எவன் எவனோ எழுதறானாமே. லட்சுமி சொல்லிச்சு. வயசுப் பொண்ணு. எங்களுக்கு இருக்கறது இவ ஒருத்திதான். நீங்களே எடுத்துச் சொல்லி இந்த வேலைய வுடச் சொல்லுங்க.”

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று தெரிந்தது. புவனா என்னை முந்திக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் குளிக்காம உள்ள வந்தேன்னு அந்த மெயில்ல எழுதியிருக்குது பாவா.”

அவர் கூடையைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

“ஆங். வந்த இல்ல?” என்றார். கீழே திருப்பதி பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முரளி என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்க்கவில்லை. “அந்த ஊர்த் தெருக்காரர் ஒருத்தர்தான் மேடம் எங்களுக்கு நூல் குடுக்கறாரு. எழுதினது உன் மச்சினிச்சியாமேன்னு கேட்டுட்டு, அன்னியிலேர்ந்து பாவு நூல் குடுக்கல. ரெண்டு தறியும் நின்னுகினு இருக்குது. நான் இன்னா பண்றது?”

“என்னக் கேட்டியா?” என்றாள் புவனா.

“கேட்டா நீ கேக்கற ஆளா?”

“கேட்டியா பாவா?”

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“சும்மா பயம் காட்டத்தான் எழுதினேன். கம்ப்யூட்டர் சென்டர்ல ஒக்காந்து எழுதும்போதே பாதியில எழுந்து வந்துடப் பாத்தேன். உன் மேல ஊத்தறவனா நான்? தூக்கி வளர்த்த பொண்ணு நீ.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். எனக்குக்கூட மனது இளகியது. சேகர் தலையைக் குனிந்துகொண்டான். விட்டிருந்தால் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தி, சாப்பாட்டைப் பிரித்து வைத்திருப்போம்.

புவனா தன் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெரிய பாட்டில். நிறைந்திருந்தது.

“அந்த மெயில் வந்ததுலேர்ந்து இதை எடுத்துகினு போறேன். ஆசிட் ஊத்தினா ஒடனே தண்ணி ஊத்திக்கணும்னு எங்கியோ படிச்சிருக்கேன். ஒரு வாய் குடிக்கலை. ரயில்ல வர்றப்ப தாகமா இருந்தாலும் குடிக்கலை. தெனம் ராத்திரி அப்படியே கொட்டிடறேன், காலைல ரொப்பிக் குடுக்கறது நீ. எதுக்குன்னு தெரியுமா பாவா உனக்கு?”

அவருக்குத் தெரியாது. வெயிலுக்கு என்று நினைத்திருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ சும்மாதான் எழுதின. அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள்.

இந்தத் தொழிலில் என் காதில் விழுந்த கேள்விகளிலெல்லாம் எனக்கு நினைவில் நிற்பது அதுதான். அனுப்புகிறவனுக்குத் தெரியும், தான் செய்வானா மாட்டானா என்று. வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை ஒருவர் மேல் ஏற்றிவைத்துவிட்டு, நான் மனசாரச் சொல்லவில்லை என்று கை கழுவ முடியாது. யாராவது உங்களிடம் “சும்மா மிரட்டியிருப்பான் விடு” என்று சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லுங்கள்.

அவர் இறங்கிப் போன பிறகு புவனா எழுந்து, புகார் கொடுக்கப் போகலாம் என்றாள். ஏன் மனம் மாறியது என்று நான் கேட்கவில்லை. அவளே வழியில் சொன்னாள். தன்னை எழுதச் சொன்ன காலனிப் பெண்ணின் வீட்டுக்கும் யாராவது இப்படி எழுதியிருந்தால், போலீசுக்குப் போ என்றுதான் தான் சொல்லியிருப்பாளாம். அடுத்தவளுக்குச் சொல்கிறதைத் தனக்குச் செய்துகொள்ளாமல் இருந்தால் அது நியாயமில்லை என்றாள். நூல் கொடுக்காமல் நிறுத்தியவரைப் பற்றியும் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முரளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டார். வழக்கு நடந்தது. லட்சுமி தங்கையோடு வெகுநாள் பேசவில்லை. என்னோடு இன்றுவரை பேசுவதில்லை, கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நின்ற தறிகள் வேறொருவரிடம் நூல் வாங்கி மறுபடி ஓடின. புவனா இப்போது வேறு ஊரில், உங்களைப் போன்றவர்களோடு வேலை பார்க்கிறாள், பெயர் போட்டுத்தான் எழுதுகிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் உடைந்தது. உடைத்தது அந்த மெயில், அந்தப் புகார் இல்லை. இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஊர் முழுக்க மாற்றித்தான் சொல்லும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அன்று ஸ்டேஷனில் நடந்தது.

புகாரை வாங்கியவர் ஒரு பெண் எஸ்.ஐ. சின்ன வயதுதான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். மெயிலைப் படித்தார். அக்கா கணவர்தான் அனுப்பினார், அவரே ஒப்புக்கொண்டார் என்று கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் லேசாகிவிட்டது. அது அவர் தோள் இறங்கியதில் தெரிந்தது. அவர் கேட்டது அக்கறையோடுதான். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

“யாருன்னு தெரிஞ்சிடுச்சு இல்லம்மா. ரவுடிப் பசங்க யாரும் இல்ல. இப்ப பயம் போயிடுச்சா?”

புவனா யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“இல்லைங்க. யாருன்னு தெரியாதப்ப, ரயில் எறங்கினதும் எப்படா வூட்டுக்குப் போய்ச் சேருவோம்னு ஓடுவேன். உள்ள போய்த் தாப்பாப் போட்டதும் பயம் போயிடும். இப்ப நான் எங்க ஓடறது?”

எஸ்.ஐ. ஒரு புதுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, “முதல்லேர்ந்து சொல்லும்மா” என்று எழுத ஆரம்பித்தார்.